புள்ளிக்கோட்டில் ஒரு மகன்

எனக்கு லண்டனில் இருக்க இடம் வாங்கித் தந்தது யார் என்று யாராவது கேட்டால், நானூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஓர் இத்தாலியக் குடும்பம் என்று சொல்வேன். கேட்டவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்ப்பார். பகிடி விடுகிறேன் என்று நினைப்பார். பகிடி விடுவது என் சுபாவம்தான். ஆனால் இந்த விஷயத்தில் நான் பகிடி விடுவதில்லை.

எண்பதுகளின் நடுவில் வந்து இறங்கினேன். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சாமான் கடைக்கு மேலே இருந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். எனக்கு முப்பத்துமூன்று வயது. ஊரில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து, பத்து விரலாலும் பார்க்காமல் தட்டச்சு அடிக்கப் பழகியவன், இங்கே சுப்பர்மார்க்கெட்டில் அவரைக்கொட்டைத் தகரங்களை லேபல் முன்பக்கம் வரும்படி திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். தகரம் எந்தப் பக்கம் பார்த்தால்தான் என்ன என்று ஒருநாள் மேற்பார்வையாளரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஷிப்ட் குறைந்தது.

அப்படி வேலை இல்லாத ஒரு காலையில்தான் பேப்பர் கடைக் கண்ணாடியில் அந்த அட்டையைக் கண்டேன். பூனைக்குட்டி விற்பவருக்கும் பியானோ சொல்லிக்கொடுப்பவருக்கும் நடுவில் ஒட்டியிருந்தது. பழைய கடிதங்கள் பற்றிய புத்தகம் ஒன்றுக்குத் தட்டச்சாளர் தேவை, எளிதில் கோபப்படாதவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டாவது தகுதி என்னிடம் அறவே கிடையாது. ஆனாலும் போனேன்.

நடந்தால் பதினைந்து நிமிடத் தூரம். கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். உயரமான ஆள், முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை, தலைமயிருக்குள் செருகிய பென்சில். பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர் இந்தப் புத்தகத்தை எழுதி முடிக்கவென்று வேலையை விட்டுவிட்டாராம். கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பதால் நான் அவரை டொக்டர் என்றே அழைத்தேன். என் அறைத் தோழர் ஒருவர் கடைசிவரை அவரை வைத்தியர் என்றே நம்பினார். “உங்கடை டொக்டரிட்டை என்ரை முழங்கால் நோவுக்கு ஒரு வழி கேளுமன்” என்று கிழமைக்கு ஒருமுறை சொல்வார். 

கோபம் வராத ஆள் வேண்டும் என்று அவர் எழுதியதன் காரணம் முதல் வாரத்திலேயே விளங்கியது. அந்த வீட்டில் ஒருவருக்கு வரும் கோபமே தாராளமாகப் போதும்.

வேலை இதுதான். சாப்பாட்டு மேசை முழுவதும் சப்பாத்துப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஆள்: பெயர், ஊர், எந்தக் கடிதத்தில் வருகிறார், குடும்பத்துக்கு என்ன உறவு. டொக்டர் கிறுக்கி வைத்திருப்பதை நான் சுத்தமாகத் தட்டச்சு அடித்து அகரவரிசையில் வைக்க வேண்டும்.

குடும்பத் தலைவர் ஒரு பிரசங்கியும் கவிஞரும். வடக்கு இத்தாலியில் ஒரு சிறிய பட்டணத்தில் பிறந்தவர். மதத்தைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு, பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மலையைக் கடந்து ஓடி, இரண்டு மூன்று நாடுகளில் ஒதுங்கி, கடைசியில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். இங்கே பிரபு வீட்டுப் பெண்களுக்கு இத்தாலிய மொழி படிப்பித்துப் பிழைத்தார். ஒரு மகன் அச்சகத்தில் பிழை திருத்தி, பிறகு மொழிபெயர்ப்பாளன் ஆனான். இன்னொருவன் பெரிய வீடுகளில் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தான். தகப்பனுக்குக் கண் மங்கியபோது மகள் அவருடைய கவிதைகளை எல்லாம் பிரதி எடுத்தாள். வெனிஸிலிருந்து ஓர் இசைக்காரர் புதுப்பாட்டுகளை அனுப்புவார். போலந்து அரண்மனை வைத்தியர் ஒருவர் லத்தீனில் வெண்பா மாதிரி ஏதோ எழுதி அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். ஆண்ட்வெர்ப்பில் ஓர் அச்சுக்காரர் எந்நாளும் பிந்தியதற்குக் காரணம் சொல்வார். வாடகை வீட்டு இரண்டு அறைக்குள் அரை ஐரோப்பா வந்து போயிருக்கிறது.

எனக்கு இலக்கியத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அந்த ஆட்கள் மெல்ல மெல்ல எனக்கு வேண்டியவர்கள் ஆனார்கள். ஊரில் இருந்து கடிதம் வரவில்லை என்று தகப்பன் அழுகிறார். மொழி படிக்க வரும் பிரபு மனைவி தன்னை வாசல்படியில் காக்க வைத்தாள் என்று மகன் பொருமுகிறான். அந்நியர்களே திரும்பிப் போங்கள் என்று யாரோ கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளைப் பற்றி மகள் எழுதுகிறாள். இதையெல்லாம் அடித்துவிட்டு மாலையில் அறைக்குத் திரும்பினால், எங்கள் கதவிலும் அதே விஷயம் ஸ்ப்ரே பெயின்றில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் கையெழுத்து அழகாக இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் சண்டை வந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பையன் இருந்தான். ஒன்பது வயதில், வியாபாரிகள் சிலரோடு மலை தாண்டி, லண்டனுக்குத் தனியே வந்து சேர்ந்தவன். வளர்ந்தபின் அந்த வீட்டிலேயே நல்ல கவிஞன் அவன்தான் என்று டொக்டர் சொல்வார். அந்நாளில் லண்டன் அதிகாரிகள் வீடு வீடாகப் போய் அந்நியர்களைக் கணக்கெடுத்தார்கள்: எந்த நாடு, எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எந்தக் கோயிலுக்குப் போகிறாய், வீட்டில் எத்தனை பேர். அந்தப் பட்டியலில் தகப்பன் தனக்கு மூன்று ஆண்பிள்ளைகள் என்று சொல்லியிருந்தார். நானும் அதைப் பார்த்து, அந்தப் பையன் வரும் நாற்பது சொச்சம் அட்டைகளிலும் உறவு என்ற இடத்தில் மகன், மூத்தவர் என்று அடித்து வைத்துவிட்டேன்.

டொக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன் வைத்தார்.

“இவன் மகன் என்று உங்களுக்கு யார் சொன்னது?”

“தகப்பனே சொல்கிறாரே, பட்டியலில்.”

“ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு மகன்கள்தான். இவன் அவருடைய அண்ணனின் மகனாக இருக்கலாம். அந்த அண்ணன் சிறையில் இறந்திருக்கிறார். இருக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் என் புத்தகத்தில் ஒரு மகனைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்.”

“அண்ணன் மகன் என்றால் மகன்தானே. வேறு எங்கே போவான்?”

“எங்கே போவான் என்பது எனக்கு ஆதாரம் ஆகாது” என்றார். பென்சிலை உருவி, சுவரில் ஒட்டியிருந்த வம்ச வரைபடத்தைக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் தகப்பனிலிருந்து நேர்க்கோட்டில் இறங்கினார்கள். அந்தப் பையன் மட்டும் புள்ளிக்கோட்டில். “தெரியாததற்குப் புள்ளிக்கோடு. என் தொழிலில் இருக்கிற ஒரே நேர்மை இதுதான்.”

எனக்கு மூக்கு விடைத்தது. மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து நாற்பது அட்டைகளையும் திரும்ப அடித்தேன். அப்போது எனக்கு இருந்த ஆத்திரம் அந்த இத்தாலியப் பையனுக்காக இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே சொல்லியாக வேண்டும். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஒரே மகன். எட்டு வயது. எனக்கு அப்போது நான்கு. செத்தவீட்டுச் சடங்கு முடிந்த அன்று அப்பா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இந்த வீட்டில் இனி மூத்தவன் இவன்தான், யாரும் பிரித்துப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் பேசவில்லை. எனக்குப் பின் ஒரு தம்பியும் பிறந்தான். மூன்று ஆண்பிள்ளைகள். அம்மா சோற்றைக் குழைத்து உருட்டித் தரும்போது முதல் உருண்டை அவனுக்கு, இரண்டாவது எனக்கு. அண்ணை என்பதைத் தவிர வேறு எதுவும் அவனை நான் கூப்பிட்டதில்லை.

ஆனால் என் மனத்தில் ஒரு பொறாமை இருந்தது. அப்பா பெற்ற மகன்களில் மூத்தவன் நான், என் இடத்தை இவன் எடுத்துக்கொண்டான் என்று. அப்பா செத்தபோது கொள்ளி வைத்ததும் அண்ணைதான். அப்பாவின் விருப்பம் அது. ஊரும் அதைச் சரி என்றது. நானும் தலையாட்டினேன். சுடலையிலிருந்து வரும்போது மட்டும் அவனோடு சேர்ந்து நடக்காமல் பின்னால் நடந்தேன். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் அண்ணையை வீட்டு வாசலில் வைத்து ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்காத இடமில்லை. பதில் சொன்ன இடமில்லை. அடுத்தது நான்தான் என்று அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காணியை விற்று என்னை அனுப்பினாள்.

லண்டனில் அகதி விண்ணப்பத்தின் முதல் படிவத்தை நிரப்பித் தந்தவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருந்த ஒருவர். எனக்கு முன்னே வந்தவர், பெற்றோல் ஷெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்புவார். தேத்தண்ணி மட்டும்தான் வாங்குவார். நல்ல மனிதர். சகோதரர் எத்தனை பேர் என்ற இடம் வந்தது.

“இரண்டு பேர்” என்றேன். “ஆனால் அண்ணை பெரியப்பான்ரை மகன். அவரைத்தான் பிடிச்சுக்கொண்டு போனவை.”

அவர் பேனையை நிறுத்தினார். “தம்பி, அந்தக் கதையை எடுத்தீரெண்டா அவர் இயக்கமோ, நீரும் இயக்கமோ எண்டு தோண்டுவினம். பிறப்புப் பத்திரத்திலை உள்ளதை மட்டும் சொல்லும். உமக்கு ஒரு தம்பி. அவ்வளவுதான். என்ன, போடட்டோ?”

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 

“ஓம், போடுங்கோ” என்றேன்.

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓம் என்றது என் வாய். ஒரு பேனைக் கீறலில் அண்ணை இல்லாமல் போனான், எனக்கு அது கொஞ்சம் சுலபமாகக்கூட இருந்தது.

நேர்காணலில் வந்தது வினை. எதற்காக நாட்டை விட்டு வந்தாய் என்று அதிகாரி கேட்டார். அதற்கு அண்ணையைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. வாயைத் திறந்தவுடன் அவன்தான் வந்தான். ஜீப், வாசல், அவன் கழற்றி வைத்துவிட்டுப் போன செருப்பு, எல்லாவற்றையும் அழுது அழுது சொன்னேன். அதிகாரி மரியாதையாகத்தான் எழுதிக்கொண்டார்.

டொக்டரோடு சண்டை பிடித்து ஐந்தாறு கிழமைக்குள் மறுப்புக் கடிதம் வந்தது. முதல் படிவத்தில் ஒரு தம்பி மட்டும், நேர்காணலில் திடீரென்று ஓர் அண்ணன். ஆகவே விண்ணப்பதாரர் தன் கோரிக்கைக்காக ஒரு சகோதரனைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று அதில் இருந்தது. நான் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். கண்டுபிடித்ததாக இரண்டாவது தடவை குற்றம் சாட்டப்படுகிறேன். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு பயம். அதைவிட, அண்ணை என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று ஒரு தாளில் அச்சில் வந்துவிட்டதே, அதற்குத் தொடக்கம் போட்டவன் நான்தானே என்பதுதான் என்னைத் தின்றது.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஏதோ அடித்தேன். ஒரே அட்டையை மூன்று முறை பிழையாக அடித்ததும் டொக்டர் தட்டச்சு இயந்திரத்தின் மேல் கையை வைத்தார்.

“என்ன விஷயம்?”

கடிதத்தை நீட்டினேன். நின்றபடி ஒருமுறை படித்தார். உட்கார்ந்து இன்னொருமுறை படித்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அந்த ஆள் ஒரு வெற்று அட்டையை எடுத்துப் பென்சிலை உருவினார்.

“ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். அவர் யாருடைய மகன்?”

பிற்பகல் முழுதும் கேள்வி. எந்த வயதில் வந்தார், பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் என்று யார் பெயர் போட்டார்கள், கலியாணப் பேச்சுக்கு யார் போனார்கள். முதல் படிவத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, பார்க்கிங்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். பொறாமையை, கொள்ளியை, சுடலையிலிருந்து பின்னால் நடந்து வந்ததை. இன்றுவரை தம்பிக்கும் சொல்லாததை அந்த மேசையில் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

“இதையும் அங்கே சொல்லத்தான் வேண்டும்” என்றார். பிறகு கேட்டார்: “கொள்ளி என்றால் என்ன?”

தகப்பனுக்கு மூத்த மகன் வைக்கும் நெருப்பு என்று விளக்கினேன். 

“வேறு யாரும் வைக்க முடியாதா?” 

“மகன் இருக்க, வேறு ஆள் வைக்க ஏலாது. வைத்தால் ஊர் சும்மா விடாது.” 

“அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். எழுதி மட்டுமா, அச்சடித்தே வைத்திருக்கிறோம். எங்களூரில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் போடுவார்கள். கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை, ஆனால் அதற்குப் பெயர் கல்வெட்டு. போனவரின் படம், குலமரபு, வாழ்க்கைக் குறிப்பு, பதிகம், செத்த திதிக்கு ஒரு வெண்பா, அதற்குப் பின் மனைவி புலம்பல், மைந்தர் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். புலம்புகிறவர்கள் யாரும் அதை எழுதுவதில்லை. ஊரில் ஒரு வாத்தியார் இருப்பார், எல்லா வீட்டுக்கும் அவர்தான் புலம்புவார். அப்பாவுக்கும் அப்படி ஒன்று போட்டிருந்தோம்.

இதைச் சொல்லி முடித்தபோது டொக்டரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஒரு பழைய சிறு புத்தகத்தின் படப்பிரதி. அந்த இத்தாலியத் தகப்பன் இறந்தபோது பிள்ளைகளும் நண்பர்களும் சேர்ந்து அச்சிட்டது. இத்தாலியத்தில், லத்தீனில், ஆங்கிலத்தில் ஆளுக்கொரு புலம்பல். போலந்து வைத்தியர்கூட ஒன்று அனுப்பியிருந்தார்.

“எல்லோரும் தங்கள் வாழ்க்கையிலேயே மோசமான கவிதையை இதில்தான் எழுதியிருக்கிறார்கள்” என்றார்.

“எங்களுடைய வாத்தியாரும் அப்படித்தான்” என்றேன். அன்றுதான் அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அம்மாவுக்கு எழுதினேன். தபால் ஒழுங்காகப் போகாத காலம். கடிதம் போய்ச் சேர்ந்து, கல்வெட்டைக் கொழும்புக்கு வந்த யாரோ கொண்டு வந்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்த இன்னொருவர் பெட்டிக்குள் ஏறி, எனக்குக் கிடைக்க ஏழு மாதம் ஆனது. மேன்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது. வழியில் யாரும் பறிக்கக் கூடாது என்று அம்மா புத்தகத்தை ஒரு கிலோ மிளகாய்த்தூள் பைக்குள் புதைத்து அனுப்பியிருந்தாள். எனக்குத் தூளும் வரட்டும், கல்வெட்டும் வரட்டும் என்ற கணக்கு.

பழைய தாளைத் தொடுவதற்கு முன் கைகழுவித் துடைக்கும் டொக்டர், அந்தப் புத்தகத்தை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூச்சை அடக்கித் திறந்தார். ஒன்பது தும்மல் தும்மினார். எண்ணினேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட ஓட, “அருமையான பாதுகாப்பு முறை, எந்தப் பூச்சியும் கிட்ட வராது” என்றார்.

ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து வரி வரியாக மொழிபெயர்த்தேன். அப்பா ஒரு தபால்கந்தோர் லிகிதர். வாத்தியாரோ அவரைக் குலம் விளங்க வந்த சந்திரன் என்றும் கொடையில் மேகம் என்றும் ஏற்றி வைத்திருந்தார். அப்பா ஐந்து சதம் எடுக்கும்போதும் இரண்டு தரம் யோசிப்பவர். டொக்டரிடம் இதைச் சொன்னேன். அப்பா எப்படிப்பட்டவர் என்று அவர் எழுதிக்கொண்டு, சந்திரனை வெட்டிவிட்டார்.

மைந்தர் புலம்பலில் மூன்று பாட்டு. முதல் பாட்டு அண்ணையுடையது. அவன் பெயரைப் போட்டு மூத்த மகன் என்று தலைப்பு. இரண்டாவது நான். மூன்றாவது தம்பி.

டொக்டர் பெருமூச்சு விட்டார். “இது போதாது. கவிதையை நான் நம்பமாட்டேன். என்னுடைய பையனும் அந்தப் புத்தகத்தில் அவரை அப்பா என்றுதான் அழுகிறான். வளர்த்தவரை, படிப்பித்தவரைக்கூட அப்படி அழைப்பார்கள். வேறு என்ன இருக்கிறது?”

வாழ்க்கைக் குறிப்புக்குப் போனேன். கடைசிப் பந்தி, வெறும் வசனம். இன்ன நாள் இன்ன மயானத்தில் மூத்த மகன் இன்னார் கொள்ளி வைத்து இறுதிக் கிரியைகளைச் செய்தார் என்று இரண்டு வரி. படித்துச் சொன்னேன். அவர் என்னை மூன்று முறை படிக்கச் சொன்னார். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சகத்தின் பெயரும் அச்சிட்ட மாதமும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அது நான் நாட்டை விட்டு வர ஒரு வருடத்துக்கு முந்திய திகதி.

“நெருப்பு யார் வைத்தார் என்பது கவிதை இல்லை” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மிளகாய்த்தூள்தான் என்று இருவரும் பாவனை செய்தோம்.

விசாரணை நகரின் நடுவில் ஒரு கட்டடத்தில், பள்ளிக்கூட வகுப்பு மாதிரியான அறையில் நடந்தது. என் சட்டத்தரணி ஓர் இளம் வெள்ளைக்காரர், கைநிறைய வேறு ஆட்களின் கோப்புகள். டொக்டர் சாட்சியாக வந்தார். ஓட்டைக் கம்பளிச் சட்டைக்குப் பதிலாக ஒரு பழைய மண்ணிறக் கோட். தலையில் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் நான். படிவத்தில் அண்ணையை விட்டது நான்தான் என்று சொன்னேன். பயத்தில் விட்டேன் என்றேன். பயம் மட்டும் இல்லை என்றும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ்ப் பெண். அந்த இடத்தில் அவருடைய குரல் ஒரு கணம் தடக்கியது. நடுவர் எழுதிக்கொண்டார்.

பிறகு டொக்டர். கல்வெட்டைக் கொடுத்தார், மொழிபெயர்ப்பைக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு பெரிய தாளையும் கொடுத்தார். எங்கள் குடும்பத்தின் வம்ச வரைபடம். அவர் அதை வரைந்தது எனக்கே தெரியாது. அரசுத் தரப்பில் வாதாடியவர், நல்ல படித்த மனிதர், தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பெற்ற மகன் அல்லாதவரையும் மற்றவர்களைப் போலவே காட்டியிருக்கிறீர்கள். ஆய்வாளர்கள் இப்படிச் செய்வதுண்டா?”

“நான் செய்வதில்லை” என்றார் டொக்டர். “பத்து வருடமாக ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் இதே மாதிரி ஒரு பையன் இருக்கிறான். அவனை மகன் என்று போட்டதற்காக இவரோடு சண்டை பிடித்து நாற்பது அட்டைகளைத் திரும்ப அடிக்க வைத்தேன். அவனுக்குப் புள்ளிக்கோடுதான் போட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது கணக்கெடுப்புக்காரரிடம் தகப்பன் சொன்ன ஒரு சொல் மட்டும். ஆனால் இங்கே தகப்பனின் உடலுக்கு யார் தீ வைத்தார் என்பதற்கு அச்சில் சான்று இருக்கிறது. இதற்குப் புள்ளிக்கோடு போட்டால்தான் நான் பொய் சொன்னவள் ஆவேன்.”

என் அண்ணைக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அவனைத் தேடி நாங்கள் போன எந்த அலுவலகத்திலும் அப்படி நடக்கவில்லை. வழக்கு வெல்லுமோ தோற்குமோ என்ற நினைப்பே அப்போது இல்லை.

வென்றது. சில கிழமைகளில் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு டொக்டர் வீட்டுக்கு ஓடினேன். படித்தார், இரண்டு இடத்தில் வசன நடை சரியில்லை என்றார், தேநீர் போட்டார். நன்றி என்று தொடங்கினேன். “‘எம்’ பெட்டி இன்னும் முடியவில்லை” என்று என்னை மேசைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆளுக்கு வாயால் நன்றி சொல்ல எனக்கு வாய்ப்பே தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் அந்த வரைபடத்தை முடிக்கும்போது என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. “உங்கள் அண்ணன் பிறந்த ஆண்டு எழுதினால், அதற்குப் பின் ஒரு சிறு கோடு வரும். அந்தக் கோட்டுக்குப் பின் என்ன எழுதலாம்?” என்றார். “ஒன்றும் எழுத வேண்டாம்” என்றேன். சரி என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புத்தகம் வெளிவந்தது. கனமான புத்தகம், நான் அடித்த அட்டைகள் கடைசி அறுபது பக்கத்தில் சுட்டியாக நிற்கின்றன. முதல் வேலையாக வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பையன் புள்ளிக்கோட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொலைபேசியை எடுத்தேன். 

“எனக்காக வழக்குமன்றத்தில் நின்றீர்கள், அவனை மட்டும் இப்படி விட்டுவிட்டீர்களே.”

“அவனுடைய கல்வெட்டை யாராவது மிளகாய்த்தூளில் போட்டு அனுப்பட்டும், உடனே மாற்றுகிறேன்” என்றார்.

அவர் சொன்னது சரி. அண்ணைக்கு நேர்க்கோடு போட்ட கையும் அந்தப் பையனுக்குப் புள்ளிக்கோடு போட்ட கையும் ஒன்றுதான் என்பதால்தான் அண்ணையின் கோட்டுக்கு விசாரணை அறையில் மதிப்பு இருந்தது. இது விளங்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவைக் கூப்பிட முடிந்தது. அப்போது நான் கலியாணம் செய்து மோர்டனில் வீடெடுத்திருந்தேன். வந்த மூன்றாம் நாள், நடையில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வரைபடத்தின் முன் அம்மா நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

“என்ன தம்பி இது, பெட்டியும் கோடுமா?”

“எங்கடை குடும்பம் அம்மா. மேலை அப்பாவும் நீங்களும்.”

அம்மா விரலைக் கண்ணாடியில் வைத்து மெல்லக் கீழே இறக்கினாள். “இது ஆர்?”

“அண்ணை.”

“இது நீ. இது தம்பி.” திரும்ப முதலாவதுக்குப் போனாள். “மூண்டு பேரும் இருக்கினம்.”

இவ்வளவு காலம் மறைத்ததை அப்போதுதான் சொன்னேன். “அம்மா, வந்த புதுசிலை நான் அண்ணையைச் சொல்லேல்லை. எனக்கு ஒரு தம்பி மட்டும்தான் எண்டு எழுதிக் குடுத்திட்டன்.”

அம்மா திரும்பவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

“பிறகெண்டாலும் நீ சொன்னனிதானே” என்றாள்.

அந்தக் கோட்டை மேலிருந்து கீழ்வரை இன்னொருமுறை தடவினாள். “இந்தக் கோடு கீறினது ஆர்?”

“டொக்டர். அந்தப் பொம்பிளைதான்.”

“நல்ல நேராக் கீறியிருக்கிறா” என்றாள் அம்மா. “அவ நல்லா இருக்கோணும்.”